நோட்டிலும் பங்கிலும் அச்சான அந்த எண்: முக மதிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

2024 அக்டோபர் 29 அன்று மும்பை பங்குச் சந்தையில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனியின் ஒரு பங்கு 2,36,250 ரூபாயில் அன்றைய வர்த்தகத்தை முடித்தது. அதற்கு முன் கடைசியாக அது கைமாறிய விலை வெறும் 3 ரூபாய் 53 காசு. எல்சிட் ஒரு முதலீட்டுக் கம்பெனி. ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகள் அதனிடம் பெருமளவில் இருக்கின்றன. அந்தச் சொத்தைக் கணக்குப் போட்டால் எல்சிட்டின் ஒரு பங்குக்கே பல லட்சம் ரூபாய் தேறும். 3.53 ரூபாய்க்கு விற்க யாருக்கு மனம் வரும்? விற்பவர் இல்லாததால் பழைய விலையே அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கம்பெனிகளுக்காக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கொண்டுவந்த சிறப்பு ஏலத்தில்தான் நிஜ விலை வெளியே வந்தது.

விலை 3.53 ஆக இருந்தபோதும் அந்தப் பங்கின் முக மதிப்பு 10 ரூபாய். 2,36,250 ஆனபோதும் அதே 10 ரூபாய். அப்படியானால் அந்தப் பத்து ரூபாய் எதைச் சொல்கிறது? சந்தை விலையைச் சொல்லவில்லை, கம்பெனியின் சொத்து மதிப்பையும் சொல்லவில்லை. புதிதாகப் பங்குச் சந்தைக்கு வருபவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். முக மதிப்பு 1 ரூபாய் என்றால் மலிவான பங்கு என்று நினைப்பவர்களும், 300 சதவீத டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கம்பெனி தரும் பணம்) என்றதும் போட்ட பணம் மூன்று மடங்காகத் திரும்பும் என்று நம்புகிறவர்களும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முக மதிப்பு என்பது சட்டத்துக்கான எண். யார் யாருக்கு எவ்வளவு தரக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. ரூபாய் நோட்டில் அச்சாகியிருக்கும் தொகை, நோட்டை வெளியிட்டவர் உங்களுக்குப் பட்ட கடன். பங்கில் எழுதியிருக்கும் தொகையோ, பங்கை முதலில் வாங்குபவர் கம்பெனிக்குக் கொடுத்தே தீரவேண்டிய குறைந்தபட்சப் பணம். இரண்டுக்கும் பெயர் ஒன்று, கடன் ஓடும் திசை மட்டும் நேர் எதிர். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நோட்டு சொல்லும் வாக்குறுதி

ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்வோம். இதைக் கொண்டுவருபவருக்கு ஐந்நூறு ரூபாய் தருவதாக வாக்களிக்கிறேன் என்ற வரி இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கீழே ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து. மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு என்ற வரியும் இருக்கும். பின்பக்கத்தில் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது. அதில் தமிழ் 13ஆவது வரி, சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவில்.

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 26ஆவது பிரிவில் இந்த வாக்குறுதிக்குப் பலம் கொடுக்கிறது. ஒவ்வொரு வங்கி நோட்டும், அதில் குறிப்பிட்ட தொகைக்கு, இந்தியாவின் எந்த இடத்திலும் சட்டப்படி செல்லும். அதற்கு மத்திய அரசு உத்தரவாதம். அதாவது, நான் உங்களுக்கு 500 ரூபாய் கடன்பட்டிருந்து இந்த நோட்டை நீட்டினால், கடன் இன்னும் தீரவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. நோட்டை அச்சடிக்க எவ்வளவு செலவானது, அந்த 500 ரூபாய்க்குச் சந்தையில் இன்று எத்தனை கிலோ அரிசி கிடைக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. விலைவாசி ஏறினால் நோட்டின் வாங்கும் சக்தி குறையும், முக மதிப்பு குறையாது. 1995இல் வாங்கிய 500 ரூபாய் கைமாற்றை இன்று 500 ரூபாய் கொடுத்தே அடைக்கலாம். வட்டி பேசியிருந்தால் அது தனிக் கணக்கு.

சரி, நோட்டை ரிசர்வ் வங்கியிடம் கொண்டுபோய், வாக்களித்த 500 ரூபாயைக் கொடு என்று கேட்டால் என்ன தருவார்கள்? வேறு நோட்டுகள் தருவார்கள், அல்லது நாணயங்கள். சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்வது அவ்வளவுதான். தங்கம் கேட்க உரிமை கிடையாது. ஆனாலும் அந்தக் கடன் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் நோட்டு வெளியீட்டுத் துறைக் கணக்கில், புழக்கத்தில் உள்ள அத்தனை நோட்டும் கடனாகத்தான் எழுதப்படுகிறது. அதற்கு ஈடாகத் தங்கம், வெளிநாட்டுக் கடன் பத்திரங்கள், அரசுப் பத்திரங்கள் எனச் சொத்து வைத்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிடுகிறது.

இதில் ஒரு ரூபாய் நோட்டு மட்டும் தனி ரகம். 1994இல் அச்சடிப்பது நின்று, 2015இல் மறுபடி வந்த அந்த நோட்டைக் கவனித்துப் பாருங்கள்: வாக்குறுதி வரியே இருக்காது. கையெழுத்துப் போடுவது நிதித்துறைச் செயலாளர். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் நாணயம் என்றால் என்ன என்று விளக்கும்போது, ஒரு ரூபாய் நோட்டையும் அதில் சேர்த்துவிடுகிறது. காகிதமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது நாணயம். மற்ற நோட்டுகள் எல்லாம் இத்தனை ரூபாய் தருகிறேன் என்று வாக்களிக்கின்றன. அரசு வெளியிடும் ஒரு ரூபாயோ அந்த ரூபாயேதான். அதனால் அதற்கு வாக்குறுதி தேவைப்படவில்லை.

நாணயங்களின் முக மதிப்புக்குச் சட்டம் ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்களைக் கொண்டு 1,000 ரூபாய் வரைதான் கட்டாயமாக ஏற்கச் சொல்லலாம். 50 பைசா நாணயம் என்றால் 10 ரூபாய் வரை. ஒருவருக்குத் தரவேண்டிய ஒரு லட்ச ரூபாயைச் சாக்கு மூட்டையில் நாணயமாகக் கொண்டுபோய்க் கொட்டினால், அவர் வாங்க மறுக்கலாம். ஆனால் தனியாக ஒரு 10 ரூபாய் நாணயத்தை மறுப்பது வேறு கதை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பஸ்ஸிலும் கடையிலும் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நாணயங்களின் வடிவமைப்பு வேறுவேறாக இருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று விளக்கம் கொடுத்தது. வதந்தியால் ஒரு நாணயத்தின் முக மதிப்பு போய்விடாது. அதை நிறுத்த வேண்டுமென்றால் அரசு அறிவிக்க வேண்டும். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30ஓடு அப்படித்தான் நிறுத்தப்பட்டன.

விலையும் முக மதிப்பும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு நினைவு நாணயங்களைப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 1,000 ரூபாய் நாணயம் வந்தது. கலைஞர் நூற்றாண்டுக்காக 100 ரூபாய் நாணயம் 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் வெளியிடப்பட்டது. அதில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே பொறித்திருக்கிறார்கள். இவற்றை 1,000 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் யாரும் விற்பதில்லை. அதில் உள்ள வெள்ளிக்கும் சேகரிப்பாளரின் ஆசைக்கும் சேர்த்துத்தான் விலை. ஆனால் ஒரு கடனை அடைக்கக் கொடுத்தால், கலைஞர் நாணயம் 100 ரூபாய்க் கடனைத்தான் அடைக்கும். சாதாரண ஒரு ரூபாய் நாணயத்தின் நிலைமையும் விசித்திரமானது. 2018இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த கணக்குப்படி, அதைத் தயாரிக்க 1 ரூபாய் 11 காசு செலவானது. உலோகத்துக்காக நாணயத்தை உருக்குவதைச் சட்டம் குற்றமாக வைத்திருப்பதன் காரணம் இதிலிருந்தே புரியும்.

கிழிந்த நோட்டுக்கு எவ்வளவு?

கிழிந்த நோட்டை வங்கியில் மாற்றும்போது சட்டம் அளவுகோலோடு வந்து நிற்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 28ஆவது பிரிவுப்படி, தொலைந்த, திருடுபோன, சிதைந்த நோட்டுக்குப் பணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கொடுப்பது சலுகை மட்டுமே. எந்த அளவுக்குச் சலுகை என்பதை 2009ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2018இல் அவற்றைத் திருத்தினார்கள்.

இப்போதைய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். பரப்பளவு 99 சதுர சென்டிமீட்டர். உங்களிடம் இருக்கும் துண்டுகளில் மிகப் பெரிய ஒற்றைத் துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 500 ரூபாய் முழுதாகக் கிடைக்கும். 40 முதல் 80 சதவீதத்துக்குள் என்றால் பாதி, 250 ரூபாய். 40க்கும் கீழே போனால் ஒன்றுமில்லை. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள எல்லா நோட்டுக்கும் இதே சதவீதம்தான். 20, 10 போன்ற சிறிய நோட்டுகளுக்குப் பாதிப் பணம் என்ற பேச்சே கிடையாது: பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, இல்லாவிட்டால் பூஜ்யம். நோட்டு கிழிந்துவிட்டால், எந்தத் துண்டு கணக்கில் வரும் என்று நீங்களே முடிவு செய்து எதையும் தூக்கிப் போட்டுவிடாமல், கிடைத்ததை எல்லாம் ஒரு கவரில் போட்டு வங்கிக்குக் கொண்டுபோங்கள்.

பேனாவால் கிறுக்கிய நோட்டு செல்லாது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி தவறு. அரசியல், மதக் கோஷம் எழுதிய நோட்டுக்குத்தான் விதிகளின்படி பணம் தர மறுப்பார்கள்.

முக மதிப்பைச் சட்டமே பறிக்கும்போது

2016 நவம்பர் 8 இரவை யாரும் மறந்திருக்க முடியாது. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாமல் போயின. நோட்டில் அச்சான எண் அழியவில்லை, கையெழுத்து அழியவில்லை. ஆனால் 26ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ரிசர்வ் வங்கியின் பரிந்துரையின் பேரில் ஒரு வரிசை நோட்டுகளைச் செல்லாதென்று அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைத்தான் அன்று பயன்படுத்தினார்கள்.

இது இரண்டு படியாக நடந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. செல்லாதென்று அறிவித்த அன்றே ரிசர்வ் வங்கியின் கடன் தீர்ந்துவிடவில்லை. கடையில் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான். வங்கியில் கட்டினால் முழுத் தொகையும் கணக்கில் ஏறியது. திரும்பி வராத நோட்டுகளுக்கான கடன் ரிசர்வ் வங்கியின் கணக்கில் நின்றுகொண்டே இருந்திருக்கும். அதனால்தான் 2017இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, 2016 டிசம்பர் 31 முதல் அந்த நோட்டுகள் ரிசர்வ் வங்கியின் கடனும் இல்லை, அரசின் உத்தரவாதமும் அவற்றுக்கு இல்லை என்று முடித்தார்கள். அதே சட்டம், பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் என்றால் 25 வரை விலக்கு. அபராதம் 10,000 ரூபாய் வரை, அல்லது அந்த நோட்டுகளின் முக மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை, எது அதிகமோ அது. ஒரு டீ கூட வாங்க முடியாத நோட்டின் முக மதிப்பு, அபராதக் கணக்குக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த அறிவிப்பு செல்லும் என்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி நாகரத்னா, இவ்வளவு பெரிய நடவடிக்கையை அரசு அறிவிப்பால் செய்திருக்கக் கூடாது, நாடாளுமன்றச் சட்டத்தால்தான் செய்திருக்க வேண்டும் என்றார். மக்கள் கையில் இருக்கும் பணத்தின் மேல் கை வைக்கும் விஷயம் இது. அவர் சொன்ன பக்கம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

2023 மே 19 அன்று 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றது இதே மாதிரியானது என்று பலர் எண்ணினார்கள். அப்படியல்ல. புழக்கத்திலிருந்து எடுத்தார்கள், செல்லாதென்று அறிவிக்கவில்லை. வங்கிகளில் மாற்றும் காலம் 2023 அக்டோபர் 7ஓடு முடிந்த பிறகும், ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் கொடுத்தால் 2,000 ரூபாயும் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். கடன் அப்படியே இருந்தது.

பங்குக்கு வருவோம்

ஒரு கம்பெனியைப் பதிவு செய்யும்போது, மொத்த மூலதனம் எவ்வளவு, அது எத்தனை ரூபாய்ப் பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது என்பதை அமைப்புச் சாசனத்தில் எழுத வேண்டும். பத்து லட்ச ரூபாய் மூலதனத்தைப் பத்து ரூபாய்ப் பங்காகப் பிரித்தால் ஒரு லட்சம் பங்கு. அந்தப் பத்து ரூபாய்தான் முக மதிப்பு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 4ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் வந்தது என்பதை அறிய கோலார் தங்கவயலுக்குப் போகவேண்டும். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த சுரங்கங்கள் அவை. அதில் ஒன்று ஊரிகம். அதை நடத்திய ஊரிகம் கோல்ட் மைனிங் கம்பெனி இங்கிலாந்தில் பதிவானது. 1885 வாக்கில் கம்பெனி கடும் பணமுடையில் இருந்தது. அதன் ஒரு பவுன் பங்கு சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்குத்தான் போனது. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். அதாவது முக மதிப்பில் எட்டில் ஒரு பாகம்தான் விலை. அப்படிப்பட்ட கம்பெனிக்குப் புதிதாக ஒரு பவுன் கொடுத்துப் பங்கு வாங்க யார் வருவார்கள்?

அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு பவுன் முக மதிப்புள்ள முன்னுரிமைப் பங்குகளை வெளியிட்டு, 15 ஷில்லிங் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதாகக் கணக்கில் எழுதி, மீதி ஐந்து ஷில்லிங் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பங்குதாரர்கள் கூடித் தீர்மானம் போட்டுத்தான் செய்தார்கள். பணம் வந்தது, சுரங்கம் பிழைத்தது, பங்கு விலை ஏறியது. பிறகு ரோப்பர் என்ற பங்குதாரர், இந்த வெளியீடு சட்டப்படி செல்லாது என்று வழக்குப் போட்டார். 1892இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம், கம்பெனிக்கு லாபமாகவும் முடிந்திருக்கலாம். ஆனாலும் ஒரு பவுன் பங்கு என்றால் ஒரு பவுன் கட்டியே ஆகவேண்டும். விட்டுக்கொடுத்த 15 ஷில்லிங்குக்குப் பங்குதாரர்கள் பொறுப்பு.

பார்வைக்குக் கொடுமையாகத் தெரியும் தீர்ப்புதான். அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். லிமிடெட் கம்பெனி திவாலானால், கடன் கொடுத்தவர்கள் பங்குதாரரின் வீட்டையோ நகையையோ தொட முடியாது. பங்குக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டிவிட்டால் பங்குதாரரின் பொறுப்பு அதோடு சரி. இவ்வளவு பெரிய பாதுகாப்புக்கு ஈடாக, ஊருக்கு அறிவித்த மூலதனம் உண்மையாகவே உள்ளே வந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. கடன் கொடுப்பவர் அந்த எண்ணை நம்பித்தானே கொடுக்கிறார்?

அந்தத் தீர்ப்பின் நேர் வாரிசு, இன்றைய நம் சட்டத்தின் 53ஆவது பிரிவு. முக மதிப்புக்குக் கீழே கம்பெனி பங்கு வெளியிட்டால் அந்த வெளியீடு செல்லாது. உழைப்புக்கும் அறிவுக்கும் ஈடாக ஊழியருக்குத் தரும் பங்குக்கும், திவால் தீர்வுத் திட்டம் போன்றவற்றில் கடனைப் பங்காக மாற்றும்போதும் மட்டும் விலக்கு உண்டு. கவனிக்க வேண்டியது: இந்தத் தடை கம்பெனி புதிதாக வெளியிடும் பங்குக்குத்தான். உங்களிடம் உள்ள 10 ரூபாய்ப் பங்கைச் சந்தையில் 3 ரூபாய்க்கு இன்னொருவருக்கு விற்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். இன்ஃபோசிஸ் 1993இல் முதன்முதலாகப் பங்கு வெளியிட்டபோது விலை 95 ரூபாய், முக மதிப்பு 10. அந்தப் பத்துதான் பங்கு மூலதனம்; மீதி 85 பிரீமியம். பிரீமியத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இருக்கும் பங்குதாரருக்கு இலவசமாகப் போனஸ் பங்கு கொடுக்க, பங்குகளைத் திரும்ப வாங்க எனச் சில வேலைகளுக்கே அதைத் தொடலாம். டிவிடெண்டாக எடுத்துக் கொடுக்க முடியாது.

பணத்தைத் தவணையாக வாங்குவதும் உண்டு. ரிலையன்ஸ் 2020இல், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கான உரிமைப் பங்கு வெளியிட்டபோது விலை 1,257 ரூபாய். விண்ணப்பத்தோடு 314.25 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். அதில் முக மதிப்புக்கு இரண்டரை ரூபாய், மீதி பிரீமியம். 2021 மே மாதம் இன்னொரு 314.25, நவம்பரில் 628.50. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பங்கை வைத்திருந்தவர், மீதித் தொகைக்குக் கம்பெனிக்குக் கடனாளி. பங்கு என்பது சில சமயம் கடனும்கூட என்பதை அப்போதுதான் பல சிறு முதலீட்டாளர்கள் உணர்ந்தார்கள்.

சதவீதக் கணக்கில் ஏமாறாமல் இருக்க

நம் கம்பெனிகள் டிவிடெண்டைச் சதவீதத்தில் அறிவிக்கும்போது, அந்தச் சதவீதம் முக மதிப்பின் மேல்தான். 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. முக மதிப்பு இன்றும் 10. அது 30 சதவீத இடைக்கால டிவிடெண்ட் அறிவித்தால் பங்குக்கு 3 ரூபாய் என்று பொருள். 2023-24 நிதியாண்டு முழுவதற்கும் சேர்த்து 200 ரூபாய் கொடுத்தது. சதவீதமாகச் சொன்னால் 2,000. ஒன்றேகால் லட்சம் கொடுத்துப் பங்கு வாங்கியவருக்கு அது 0.16 சதவீத வருமானம்தான். ஆகவே டிவிடெண்ட் செய்தியைப் படித்ததும் முதலில் சதவீதத்தை ரூபாயாக மாற்றுங்கள், பிறகு அதை நீங்கள் வாங்கிய விலையால் வகுத்துப் பாருங்கள்.

பங்குப் பிரிப்பில் குறைவதும் முக மதிப்புதான். ஸ்டேட் வங்கி 2014இல் 10 ரூபாய்ப் பங்கை 1 ரூபாய்ப் பங்காகப் பிரித்தது. ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் பத்துப் பங்கு. விலையும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இறங்கும். ஒரு முழுத் தேங்காயைப் பத்துப் பத்தையாகக் கீறியதுபோல. தேங்காய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போனஸ் பங்கில் முக மதிப்பு மாறாது. கம்பெனியின் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் மூலதனக் கணக்குக்கு மாறி, பங்கு எண்ணிக்கை கூடும்.

முன்பெல்லாம் 10 அல்லது 100 ரூபாய் என்ற இரண்டே முக மதிப்புகள்தான். 1992 வரை பிரீமியம் எவ்வளவு வைக்கலாம் என்பதைக்கூட டெல்லியில் ஓர் அரசு அலுவலகம் முடிவு செய்தது. அந்தக் காலத்தில் புதுப் பங்கு என்றாலே பத்து ரூபாய் என்று பழகியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 1999இல் செபி அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஒரு ரூபாய்க்குக் குறையாமல் முழு ரூபாயாக எதையும் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கு முதல் பங்கு வெளியீடு, கொண்டுவருகிற கம்பெனி 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் பங்கை விற்பதானால் முக மதிப்பு 10 ரூபாயாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியும் சில காலம் இருந்தது.

கடன் பத்திரங்களில் முக மதிப்பு, நோட்டைப் போல, வெளியிட்டவரின் கடன். மத்திய அரசின் 91 நாள் ட்ரெஷரி பில்லை 100 ரூபாய் முக மதிப்புக்குக் கீழே வாங்கலாம், முதிர்வில் 100 வரும், இடைவெளிதான் வட்டி.

எல்லா நாடுகளிலும் பங்குக்கு முக மதிப்பு கிடையாது. இலங்கை 2007ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் அதை எடுத்துவிட்டது. சிங்கப்பூரில் 2006இல் போனது, மலேசியாவில் 2017இல். பங்குக்கு எவ்வளவு பணம் வந்ததோ அது முழுவதும் மூலதனம் என்று அங்கெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். கொழும்பிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு இந்தியப் பங்கு வாங்குபவர்களுக்கு இந்த எண் புதிதாகத் தெரிவது அதனால்தான். என்னைக் கேட்டால், 2,000 ரூபாய்க்கு விற்கும் பங்குக்கு ஒரு ரூபாய் முக மதிப்பு இருப்பதால் எந்தக் கடன்காரருக்கும் பாதுகாப்பு இல்லை. ஊரிகம் காலத்துக் கவலைக்கு இன்று வேறு காவல்கள் வந்துவிட்டன. ஆனால் நம் சட்டத்தில் இருக்கும் வரை அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கியமாக, வீட்டுப் பீரோவில் தாத்தா காலத்துப் பங்குச் சான்றிதழ் இருந்தால். ஓசூரில் தொடங்கிய டைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூனில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்து, 10 ரூபாய்ப் பங்கை 1 ரூபாயாகவும் பிரித்தது. அதற்கு முந்தைய 100 பங்கின் சான்றிதழ் ஒன்று இருந்தால், போனஸோடு 200, பிரித்த பின் 2,000 பங்கு. காகிதத்தில் மட்டும் 100 பங்கு, முக மதிப்பு 10 என்றே இருக்கும். முதலில் அந்த முக மதிப்பைப் படியுங்கள். பிறகு இன்றைய முக மதிப்பைப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் பங்குப் பிரிப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றாகவே இருந்தாலும் போனஸ் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதச் சான்றிதழை வைத்துப் பங்கை விற்க முடியாது, டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் பங்குகளே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் உரிய ஆவணங்களோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். கம்பெனியின் பங்குப் பதிவாளரிடம், சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணைக் கொடுத்து விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.